உண்ட உணவு போகும் பாதை

(அறுப்பின் பண்டிகையையொட்டி நடந்த ஆதரவாளர் கூடுகையில், நமது குழந்தைகள் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாத அன்பர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



மதிய விருந்துக்கு முன்னால் எனக்கு 30 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் பந்தலில் சாம்பார் தாளிக்கிற வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. உங்களில் பலருக்கு இப்போதே வாயில் நீர் ஊறியிருக்கும். ஆகவே பேச்சை நான் தொடங்குவதற்கு முன்னமே உங்கள் சரீரம் தொடங்கிவிட்டது. ஜீரணம் என்பது வயிற்றில் ஆரம்பிப்பதில்லை. வாசனையிலும் நினைப்பிலுமே அது ஆரம்பித்துவிடுகிறது.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தோம், எத்தனை அறுவைச் சிகிச்சை நடந்தது என்று கணக்குச் சொல்வோம். அந்தக் கணக்கை நிர்வாகி ஐயா ஏற்கெனவே வாசித்துவிட்டார். நான் இந்தப் படத்தை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் நம்முடைய உணவுப் பாதை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வரைந்த படம்தான். இதை ஏன் மறுபடியும் உங்கள் முன் விரிக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடைக்காலத்தில், இரவு 11 மணிக்கு ஒரு பாட்டி ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் 9 மாதப் பேரன். அவனுடைய கண்கள் குழிந்திருந்தன. உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. அழுவதற்கும் அவனுக்குத் தெம்பில்லை. ஊசி ஏற்ற ஒரு நரம்பும் அகப்படவில்லை. காலெலும்புக்குள் ஊசி செலுத்தி நீர் ஏற்றினோம். விடிவதற்கு முன்னால் பிள்ளை போய்விட்டான்.

பாட்டி சொன்னார்: "ரெண்டு நாளா வயித்தால போச்சு டாக்டரம்மா. தண்ணி குடுத்தா, குடுத்த தண்ணி அப்படியே வெளிய போயிருச்சு. தொக்கம் எடுத்துப் பாத்தோம், கேக்கல. வயித்துக்கு ஓய்வு குடுத்தா அடங்கும்னு தண்ணிய நிறுத்திட்டேன்."

பிறகு தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பிரிக்கவே இல்லை. "போன மாசம் பெரியவனுக்கு நீங்கதான் குடுத்தீங்க. இதையும் தண்ணியிலதானே கரைக்கணும்னு வச்சிட்டேன்" என்றார்.

உண்மைதான். நான்தான் கொடுத்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள் என்று சொன்னேன். வெளியே வரிசையில் ஐம்பது பேர் நின்றார்கள். எப்படி என்று சொன்னேனே ஒழிய, ஏன் என்று சொல்லவில்லை. அந்த "ஏன்" இந்தப் படத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இதைக் கொண்டுவந்தேன்.

வாயிலிருந்து புறப்படுவோம். ஒரு நாளைக்குச் சுமார் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் நமக்குச் சுரக்கிறது. ஒரு பிடி சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். உமிழ்நீரில் உள்ள ஒரு நொதி, அரிசியின் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசலைக் குரல்வளை மூடி மூடிக்கொள்கிறது. பேசிக்கொண்டே சாப்பிட்டால் சில சமயம் அது தவறிவிடுகிறது; அதைத்தான் புரை ஏறிற்று என்கிறோம். அடுத்தது உணவுக்குழாய், சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். உணவு அதில் வெறுமனே விழுவதில்லை. குழாயின் தசை மேலே சுருங்கிக் கீழே விரிந்து, அலை அலையாக அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. நீங்கள் தலைகீழாக நின்று சாப்பிட்டாலும் உணவு இரைப்பைக்குத்தான் போகும். பரீட்சை செய்து பார்க்க வேண்டாம்!

இரைப்பை ஒரு பை. சாப்பிட்ட பின் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும். மூன்று அடுக்குத் தசைகள் அதை மாவு பிசைகிற மாதிரி பிசைகின்றன. உள்ளே ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அது உணவோடு வருகிற கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்லுகிறது. புரதத்தை உடைக்கிற பெப்சின் வேலை செய்யவும் அதுவே தேவை. அப்படியானால் அமிலம் இரைப்பையையே தின்றுவிடாதா? உட்சுவரின்மேல் கோழை போன்ற ஒரு படலம் பூசியிருக்கிறது, அதுதான் காவல். அந்தக் காவல் கெடும்போது புண் உண்டாகிறது.

கவலையினாலும் காரத்தினாலும்தான் வயிற்றுப்புண் வருகிறது என்று வெகுகாலம் வைத்தியர்களே சொல்லிவந்தோம். 1982இல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், அந்த அமிலத்திலும் பிழைத்திருக்கிற ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று கண்டார்கள். முதலில் அதை நம்பியவர்கள் கொஞ்சம்பேர். மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வைத்தியர்களும் தவறாக நினைத்துக்கொண்டு இருக்கக்கூடும் என்பதற்காக இதைச் சொல்லுகிறேன். பாட்டிமார்மேல் கோபப்படுமுன் நாங்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இரைப்பையிலிருந்து கூழ் போன்ற உணவு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. வெறும் சோறு சீக்கிரம் இறங்கும். நெய்யும் இறைச்சியும் தாமதிக்கும். பிரியாணி சாப்பிட்ட அன்று ராத்திரி பசிக்காததன் காரணம் இதுதான்.

சிறுகுடலின் முதல் பகுதியில் இரண்டு உறுப்புகளின் நீர் வந்து சேருகிறது. ஒன்று கல்லீரல். வலது விலாவின் கீழே இருக்கிற, சுமார் ஒன்றரை கிலோ எடையுள்ள பெரிய சுரப்பி. அது செய்கிற பித்தநீர் பித்தப்பையில் சேர்ந்திருந்து, கொழுப்பு வரும்போது வெளிப்படுகிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்புத்தூள் செய்கிற வேலையை அது செய்கிறது. மற்றொன்று கணையம். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கிற நொதிகள் அதிலிருந்து வருகின்றன. இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கிற காரநீரும் அதிலிருந்தே வருகிறது.

இப்போது சிறுகுடல். நான் நிற்க விரும்பும் இடம் இதுதான். பெரியவர்களுக்கு இது சுமார் 6 மீட்டர் நீளம், ஏறக்குறைய 20 அடி. இதன் உட்புறம் வழவழப்பான குழாய் அல்ல. துவாலைத் துண்டைத் தடவிப் பாருங்கள். சிறுசிறு நூல் வளையங்கள் எழும்பி நிற்கும். அதுபோல இலட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றின்மேலும் இன்னும் நுண்ணிய இழைகள். துவாலை ஏன் வெறும் துணியைவிட அதிகத் தண்ணீரை உறிஞ்சுகிறதோ, அதே காரணத்திற்காகத்தான் குடலும் இப்படி அமைந்திருக்கிறது. இதன் பரப்பு ஒரு டென்னிஸ் மைதானம் அளவு என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, முழு உணவுப்பாதைக்கும் சேர்த்துச் சுமார் 32 சதுர மீட்டர், பாட்மின்டன் மைதானத்தில் பாதி அளவு என்றார்கள். அதுவும் நம் சின்ன வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது.

இந்தத் துவாலையின் மேல்தோல் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிறது. வயிற்றுப்போக்கில் அது உரிந்துபோனாலும் மறுபடி முளைக்கும். ஆனால் முளைப்பதற்கு ஆகாரம் வேண்டும். பேதியாகிற பிள்ளையைப் பட்டினி போட்டால், வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் செங்கல் தராமல் சுவர் எழுப்பச் சொல்லுகிற மாதிரிதான்.

இப்போது ஒரு கணக்கு. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் குடிப்பதும் உண்பதும் சேர்த்துச் சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. அதோடு உமிழ்நீர் ஒன்றரை, இரைப்பை நீர் இரண்டு, பித்தம் அரை, கணைய நீர் ஒன்றரை, குடல் நீர் ஒன்றரை. ஆக 7 லிட்டர் நம் சரீரமே ஊற்றுகிறது. மொத்தம் 9 லிட்டர். மலத்தோடு வெளியே போவது எவ்வளவு? 100 அல்லது 200 மில்லி. ஒரு தம்ளர்கூட நிறையாது. மீதியெல்லாம் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

ஆகவே வயிற்றுப்போக்கில் நாம் இழப்பது குடித்த தண்ணீரை மட்டுமல்ல. திரும்பி வரவேண்டிய அந்த 7 லிட்டர் திரும்பாமல் போகிறது. இரத்தத்திலிருந்து வந்த நீர் அது. காலராவில் குடல் இன்னும் அதிகமாகவே கொட்டும். குழந்தை தண்ணீரே குடிக்காவிட்டாலும் பேதி நிற்காது. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நாம் நினைக்கும்போது, உள்ளே குழாய் திறந்தே இருக்கிறது. வரவு மாத்திரம் நின்றுபோகிறது.

ஆனால் அந்தப் பாட்டி சொன்னதை மறுபடி யோசியுங்கள். "குடுத்த தண்ணி அப்படியே வெளிய போயிருச்சு." அவர் பார்த்தது முழுப் பொய்யல்ல. நோயுற்ற குடலில் வெறும் தண்ணீர் சரியாக ஏறுவதில்லை. தண்ணீர் தானாக நடந்து போவதில்லை. உப்பு போகிற இடத்திற்கு அதன் பின்னால் போகும். நோயினால் உப்பு உள்ளே போகிற ஒரு கதவு அடைபட்டுவிடுகிறது. ஆனால் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. சர்க்கரையும் உப்பும் கைகோத்து வந்தால் மாத்திரம் திறக்கிற கதவு அது. குளுக்கோஸ் தனியாக வந்தாலும் திறக்காது, உப்பு தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டும் சேர்ந்து நுழையும்போது தண்ணீரும் பின்னால் நுழைகிறது. காலராக் கிருமியின் விஷமும் இந்தக் கதவைத் தொடுவதில்லை.

1960இல் பிராகு நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இந்தக் கதவைப் பற்றி முதலில் விளக்கினார். 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்ற இளம் மருத்துவர்கள், குளுக்கோஸும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைத் தேற்றலாம் என்று காட்டினார்கள். ஆனாலும் உலகம் நம்பவில்லை. நரம்பில் ஏற்றினால்தான் வைத்தியம் என்று இருந்தது.

1971இல் வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்திற்கு ஓடிவந்தார்கள். பன்கான் என்ற ஊரின் அகதி முகாமில் காலரா பரவியது. தரையெல்லாம் நோயாளிகள். அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ் கையில் நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. அவர் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளிகளின் உறவினர்களே தம்ளரில் பிடித்துக் கொடுத்தார்கள். 100க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்த நீர் குடித்தவர்களில் இறந்தவர்கள் 100க்கு 4 பேருக்கும் குறைவு. மருத்துவமும் இல்லாமல் செவிலியரும் போதாமல் இருந்த இடத்தில், தாயும் தமக்கையும் தம்ளரும்தான் காப்பாற்றின. மகலனாபிஸ் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டு நம் அரசு அவருக்குப் பத்மவிபூஷண் அறிவித்தது.

பெருங்குடலையும் பார்த்துவிடுவோம். நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். மிச்சமிருக்கிற நீரை உறிஞ்சி மலத்தைக் கட்டியாக்குவது இதன் வேலை. கோடானுகோடி நன்மை செய்யும் கிருமிகள் இங்கே குடியிருக்கின்றன. சிறுகுடலில் ஜீரணமாகாமல் வருகிற மாவுச்சத்தையும் நாரையும் அவை புளிக்கவைத்துச் சில கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவற்றைப் பெருங்குடல் உறிஞ்சும்போது உப்பும் நீரும் கூடவே போகின்றன. இதை வைத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். எளிதில் ஜீரணமாகாத ஒருவகை மாவை ஓ.ஆர்.எஸ். நீரோடு சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, பேதி சீக்கிரம் நின்றது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் அது வெளியாயிற்று. மேல்வாசலில் ஒரு கதவு, கீழ்வாசலில் இன்னொரு கதவு. நம் மாநிலத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்த வேலை என்பதில் நமக்கும் சந்தோஷம் உண்டு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சாதாரண ஓ.ஆர்.எஸ். பேதியை உடனே நிறுத்தாது. இழந்த நீரைத் திரும்பக் கொடுக்கும், அவ்வளவுதான். இதைத் தாய்க்குச் சொல்லாவிட்டால், இரண்டு தம்ளர் கொடுத்துவிட்டு, "இன்னும் போகிறதே" என்று நிறுத்திவிடுவாள். நிறுத்துவது பேதியை அல்ல, பிள்ளையின் உயிரை.

நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டியவை இவை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதி பாதியாகக் கரைக்காதீர்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் நல்லது. கரைத்தது 24 மணி நேரத்திற்கு மேல் வேண்டாம். 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடவே கூடாது. ருசித்துப் பார்த்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக்கூடாது. கடையில் விற்கும் கலர் பானங்கள் வேண்டாம். அதிலிருக்கிற அதிகச் சர்க்கரை குடலுக்குள் இன்னும் நீரை இழுக்கும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கமான ஆகாரத்தையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரையை 14 நாள், வைத்தியர் சொல்லுகிறபடி கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ்.ஸும் துத்தநாகமும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும்.

பிள்ளை சோர்ந்து கண்மூடிக் கிடந்தால், குடிக்க முடியாவிட்டால், கண் குழிந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பச்சிளம் பிள்ளைகளுக்கு ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016 முதல் நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. 6, 10, 14 வாரங்களில் வாய்வழிச் சொட்டாகக் கொடுப்பார்கள். தவறவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் குறிப்பின்படி, ஆண்டுதோறும் 5 வயதுக்குட்பட்ட சுமார் 4,40,000 குழந்தைகள் வயிற்றுப்போக்கினால் சாகிறார்கள். பொட்டலத்தின் விலை சில ரூபாய். ஆகவே மருந்து இல்லாமல் மாத்திரம் பிள்ளைகள் சாகவில்லை. மருந்து வீட்டிலேயே இருந்தும் ஒரு பிள்ளை செத்ததை நான் பார்த்தேன்.

அன்று விடியற்காலையில் பாட்டி என்னிடம் கேட்டார்: "இதைக் கரைச்சுக் குடுத்திருந்தா பிழைச்சிருப்பானா, டாக்டரம்மா?"

நான் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "பிழைத்திருக்கக்கூடும், பாட்டி. ஆனால் தப்பு உங்களுடையது இல்லை. ஏன் கொடுக்கவேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்தார் என்றோ மன்னிக்கவில்லை என்றோ எனக்குத் தெரியாது. பேரனைப் போர்த்தியிருந்த சேலையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பொட்டலம் வாங்குகிற ஒவ்வொரு தாயும் பாட்டியும் இந்தப் படத்தின் முன் நிற்க வேண்டும். இந்தக் கதவை விரலால் தொட்டு, உப்பும் சர்க்கரையும் ஏன் சேர்ந்து போகவேண்டும் என்று எங்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பொட்டலம். ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. வெளியே வரிசை நீளுகிறது. நீளட்டும்.

நீங்கள் கொடுக்கிற உதவி அந்த ஐந்து நிமிடங்களை எங்களுக்குத் தருகிறது. கூடுதலாக ஒரு செவிலியரை அங்கே நிறுத்த முடிகிறது. அதற்கு நன்றி. ஆனால் இன்று நான் உங்களிடம் கேட்பது பணம் அல்ல. உங்கள் தெருவில் கைக்குழந்தை இருக்கிற ஒரு வீட்டுக்கு இந்த வாரம் போங்கள். எப்படி என்று மட்டுமல்ல, ஏன் என்றும் சொல்லுங்கள்.

பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஐயா ஜெபிக்க எழுந்துவிட்டார். போய்ச் சாப்பிடுங்கள். அவசரமில்லாமல் நன்றாக மென்று சாப்பிடுங்கள். மற்ற வேலையைச் சரீரம் பார்த்துக்கொள்ளும்.